ஜூன்ல பாப்பா எல்கேஜி போகணும், அதுக்குள்ள என்னென்ன பழக்கி விடலாம்?

அவிநாசி_மலர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போவேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன். எங்க பாப்பாவுக்கு மே மாசம் மூணு வயசு முடியுது, ஜூன்ல எல்கேஜி. சீட் வாங்கியாச்சு, ஃபீஸ்ல பாதி கட்டியாச்சு. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், காலைல எட்டு மணிக்கு கிளம்பினா வீடு திரும்ப ஏழு மணி ஆயிடும். பாப்பா முழுக்க முழுக்க அவ அப்பத்தாகிட்ட தான் வளர்றா. எங்க அத்தை மாதிரி யாரும் பாத்துக்க முடியாது, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா பாப்பாவுக்கு எல்லாமே அவங்க தான் செஞ்சு விடணும். சோறு ஊட்டி தான் விடணும், அதுவும் ஃபோன்ல பாட்டு ஓடினா தான் வாய் திறப்பா. பாத்ரூம் வந்தா வீட்ல சொல்லிடுவா, வெளில எங்க போனாலும் டயப்பர் தான். செருப்பு கூட யாராவது மாட்டி விடணும். பேச்சு நிறைய பேசறா, ஆனா எங்களுக்கு புரியற அளவுக்கு வெளி ஆளுங்களுக்கு புரியறதில்லைங்க, பாதிக்கு மேல நான் தான் பக்கத்துல நின்னு அர்த்தம் சொல்லணும்.

எதிர்வீட்டு பையனுக்கும் இதே வயசு தான், அவன் ஏபிசிடி முழுக்க சொல்றான், 20 வரைக்கும் நம்பர் எழுதறான். அட்மிஷன் அன்னிக்கு இவகிட்ட கலர் பேரு, பழம் பேரு கேட்டாங்க, இவ ஒரு வார்த்தை பேசாம என் துப்பட்டாக்குள்ள மூஞ்சிய ஒளிச்சுகிட்டா. வீட்டுக்காரர் அடுத்த வருஷம் சேத்துக்கலாம்ங்கறார். அத்தை "பச்ச புள்ளய இப்பவே எதுக்கு"ங்கறாங்க. அவங்களே பாப்பா அடம் பிடிச்சா "இரு, உன்ன ஸ்கூல்ல கொண்டு போய் விட்டுடறேன், மிஸ்சு குச்சி வெச்சிருப்பாங்க"ன்னு வேற சொல்லி வெச்சிருக்காங்க, இப்ப ஸ்கூல்னு யார் பேசினாலும் அழ ஆரம்பிச்சுடறா.

இன்னும் ஒரு மாசத்துக்கு மேல டைம் இருக்குங்க. எத முதல்ல பழக்கட்டும்? எழுத்து ஆரம்பிக்கட்டுமா? டயப்பர எப்படி நிறுத்தறது? முதல் நாள் அழுதா என்ன பண்ணணும்? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை_எல்கேஜிமிஸ்

தங்கச்சி, நான் மதுரைல ஒரு நர்சரி ஸ்கூல்ல எல்கேஜிக்கு தான் மிஸ்ஸா இருக்கேன், ரொம்ப வருஷமா இதே வகுப்பு தான். உங்க கேள்விய படிச்சதும் சமையல பாதில விட்டுட்டு டைப் பண்றேன், ஏன்னா ஜூன் மாசம் முதல் ரெண்டு வாரம் என்ன நடக்கும்னு எனக்கு தெரியும். ஏபிசிடி தெரியலன்னு எங்க வகுப்புல எந்த பிள்ளையும் தவிச்சதில்ல. தவிக்கிறது யாருன்னா பாத்ரூம் வருதுன்னு வெளி ஆள்கிட்ட சொல்லத் தெரியாத பிள்ளை, டிபன் பாக்ஸ் திறக்க முடியாத பிள்ளை, தனக்கு ஒன்னு வேணும்னா வாய திறந்து கேட்டே பழகாத பிள்ளை. வீட்ல பாட்டி முகத்த பாத்தே பசியா தாகமான்னு கண்டுபிடிச்சிருவாங்க, அதனால கேக்க வேண்டிய அவசியமே அதுகளுக்கு வந்திருக்காது. வகுப்புல இருபது இருபத்தஞ்சு பிள்ளைக இருக்கும்போது எங்களால அப்படி கண்டுபிடிக்க முடியாதுமா, எவ்வளவு பாசமா இருந்தாலும் முடியாது.

ஒன்னு சொல்றேன் கேளுங்க. ஒரு பையன் நல்ல விலை உயர்ந்த வாட்டர் பாட்டில் கொண்டு வந்தான், பட்டன அமுக்குனா மூடி பட்டுனு திறந்து உள்ள இருந்து ஸ்ட்ரா எந்திரிச்சு நிக்கும், அந்த மாதிரி. பட்டன் புதுசு, இறுக்கம், அவன் கட்டை விரலுக்கு அது அமுங்கல. மூடி மேலயே வாய வெச்சு உறிஞ்சி பாத்தான், வரல, மடில வெச்சுட்டு உக்காந்துட்டான். அழவும் இல்ல, யார்கிட்டயும் கேக்கவும் இல்ல. உதடு காஞ்சு போயிருக்கேன்னு நான் பக்கத்துல போய் கேட்டப்ப தான் பாட்டில நீட்டினான். அதனால பாட்டில், டிபன் பாக்ஸ், பை, ஷூ எல்லாத்தையும் இப்பவே வாங்கிருங்க, கடைக்கு பாப்பாவ கூட்டிட்டு போங்க, அங்கயே அவ கைல குடுத்து திறக்க சொல்லுங்க, திறக்க வரலன்னா எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம். ஷூ ஒட்டுற மாதிரி வெல்க்ரோ வெச்சது தான் வாங்கணும், லேஸ் வெச்சது வேண்டவே வேண்டாம். எல்லாத்துலயும் பேர் எழுதிருங்க, ஒரே மாதிரி பாக்ஸ் ஒரு வகுப்புலயே நாலு இருக்கும்.

வாங்கிட்டு அத அலமாரில வைக்காதீங்க. தினமும் காலைல பத்தரை மணிக்கு, அதான் ஸ்கூல்ல ஸ்நாக்ஸ் டைம், அந்த பாக்ஸ்லயே ரெண்டு பிஸ்கட்டோ வாழைப்பழமோ போட்டு மூடி குடுத்து தரைல உக்கார வைங்க. அவளே திறக்கணும், அவளே சாப்பிடணும், அவளே மூடணும். சிந்தட்டும், சிந்தினா பரவாயில்ல. ஃபோன் அந்த நேரம் கண்ணுலயே படக்கூடாது. மதியம் சாப்பாடும் ஸ்கூல்லன்னா இட்லிய சின்ன சின்ன துண்டா வெட்டி பொடியும் நல்லெண்ணெயும் பிரட்டி குடுத்தா கைல எடுத்து சாப்பிட லேசா இருக்கும். சாம்பார் சாதம் குழைய குடுத்தா யூனிஃபார்ம் முழுக்க ஆகும், அப்புறம் அது ஈரமா இருக்குன்னே அழும்.

டயப்பர் விஷயம். பகல்ல முழுசா நிறுத்திருங்க, இப்பவே, வெளில போனாலும். ஒரு மாத்து ஜட்டியும் துண்டும் பைல போட்டுக்கங்க, நனைச்சா திட்டாம மாத்தி விடுங்க. ராத்திரி டயப்பர இப்ப தொட வேண்டாம், ராத்திரி அடக்குறது தானா பின்னாடி வரும், அஞ்சு வயசு வரைக்கும் படுக்கைல போற பிள்ளைக எத்தனையோ இருக்கு. காலைல சாப்பிட்டதும் பத்து நிமிஷம் டாய்லெட்ல உக்கார வைங்க, சாப்பாடு உள்ள போனதும் குடல் வேலை செய்யும், அந்த நேரத்துல பழகிட்டா ஸ்கூல்ல கக்கா வர்ற பிரச்சனை பாதி தீந்துரும். ஸ்கூல்ல இந்தியன் டாய்லெட்டா வெஸ்டர்னான்னு போய் கண்ணால பாத்துட்டு வாங்க. வீட்ல ஒன்னு ஸ்கூல்ல வேறன்னா பிள்ளை பயந்து அடக்கிக்கிடும், ரெண்டு நாள் அடக்குனா மலச்சிக்கல், வலி, அப்புறம் அந்த பயத்த எடுக்க மாசக்கணக்காகும். உங்க வீட்ல ஒன்னுக்குக்கு என்ன சொல்லுவாளோ அதையே முதல் நாள் மிஸ்கிட்ட சொல்லிருங்க. யூனிஃபார்ம்ல ஊக்கு, பெல்ட், பின்பக்க ஜிப் இருந்தா டெய்லர்ட்ட குடுத்து இடுப்புல எலாஸ்டிக் வெச்சு வாங்கிருங்க, அவளே இறக்கி அவளே ஏத்திக்கணும்.

அப்புறம் அந்த குச்சி மிஸ் கதை. அத இன்னிக்கோட நிறுத்த சொல்லுங்க, தயவு செஞ்சு. வீட்ல யாரும் கெட்ட எண்ணத்துல சொல்றதில்ல, ஆனா நான் வகுப்பு வாசல்ல கைய நீட்டினா பின்னாடி பின்னாடி போய் செவுத்துல ஒட்டிக்கிற பிள்ளைகள நான் வருஷா வருஷம் பாக்குறேன். என் கைல குச்சி இருக்கான்னு தான் அது முதல்ல பாக்கும்.

எழுத்து இப்ப வேண்டாம். விரல்ல பலம் வரட்டும். சப்பாத்தி மாவுல ஒரு உருண்டை குடுங்க, பச்சை பட்டாணி உரிக்க விடுங்க, வேர்க்கடலை தோல் உடைக்க விடுங்க, துணி கிளிப்ப கொடில மாட்ட விடுங்க. பென்சில் பிடிக்கிற விரல் இதுல தான் தயாராகும்.

சேலம்_செல்வி

மிஸ் சொல்றது எல்லாம் சரி தான், ஆனா எழுத்து வேண்டாம்னு மட்டும் என்னால ஒத்துக்க முடியல. நீங்க நல்ல ஸ்கூல்ல இருக்கீங்க போல. எங்க பையன சேத்த இடத்துல ஜூலைலயே கோடு போட்ட நோட்டு, ஹோம்வொர்க், டைரில "பிராக்டிஸ் அட் ஹோம்"னு எழுதி அனுப்புவாங்க. கொஞ்சம் கூட தெரியாம போன பிள்ளைங்கள ரெண்டாவது பெஞ்சு, மூணாவது பெஞ்சுன்னு தள்ளி உக்கார வெச்சாங்க. அதனால சும்மா கோடு, வட்டம், ஏ பி சி இந்த அளவுக்காவது பழக்கி அனுப்புங்க மலர், நாளைக்கு பிள்ளை மனசு கஷ்டப்பட கூடாது.

திருச்சி_ரெண்டுபிள்ளைஅப்பா

சிஸ்டர், நான் வயசு விஷயம் மட்டும் பேசறேன், உங்க வீட்டுக்காரர் சொல்றத அப்படியே ஒதுக்கிடாதீங்க. தமிழ்நாட்டுல ஆர்டிஇ, அதான் கல்வி உரிமைச் சட்டம், அந்த அட்மிஷனுக்கு எல்கேஜின்னா ஜூலை 31க்குள்ள மூணு வயசு முடிஞ்சிருக்கணும், பெரும்பாலான ஸ்கூல் அதே கணக்க தான் வெச்சிருக்காங்க. உங்க பாப்பா மே மாசம், அப்படின்னா தகுதி இருக்கு. ஆனா முந்தின ஆகஸ்ட், செப்டம்பர்ல பிறந்த பிள்ளைங்களும் அதே வகுப்புல தான் இருக்கும். மூணு வயசுல எட்டு ஒன்பது மாசம்ங்கறது சின்ன வித்தியாசம் இல்ல. எதிர்வீட்டு பையன் எந்த மாசம்னு கேட்டு பாருங்க, அதே வயசுன்னு சொன்னாலும் பாதி வருஷம் மூத்தவனா இருப்பான்.

இன்னொன்னு, பின்னாடி எந்த போர்டுல படிக்க வைக்கப் போறீங்கன்னும் யோசிங்க. இப்ப எல்கேஜி போட்டா அஞ்சு வயசுல ஒண்ணாம் வகுப்பு, ஸ்டேட் போர்டுல அது பிரச்சனை இல்ல. ஆனா 2020 தேசிய கல்விக் கொள்கைக்கு அப்புறம் கேந்திரிய வித்யாலயால ஒண்ணாம் வகுப்புக்கு 6 வயசு முடிஞ்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க, 2022ல அத எதிர்த்து பெத்தவங்க கோர்ட் வரைக்கும் போனாங்க. மத்திய அரசு வேலை, டிரான்ஸ்ஃபர்னு இருக்கற குடும்பம்னா இது முக்கியம். அவசரப்பட்டு ஒன்னும் ஜெயிக்கப் போறதில்ல.

எங்க ரெண்டாவது பொண்ண நாங்க முதல் வருஷம் அங்கன்வாடில தான் விட்டோம். சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க, எனக்கு அதுல வருத்தமே இல்ல. தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துக்கு மேல அங்கன்வாடி இருக்கு, உங்க தெருவுக்கு பக்கத்துலயே ஒன்னு கண்டிப்பா இருக்கும். ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசு வரைக்கும் சேத்துக்குவாங்க, காசு கிடையாது, மதியம் சூடா சாப்பாடு, வாரத்துல மூணு நாள் முட்டை, எடை போட்டு கார்டுல எழுதுவாங்க. டீச்சரும் உதவியாளர் அக்காவும் அதே ஊர்க்காரங்க, பாட்டி பேரை சொல்லியே பிள்ளைய கூப்பிடுவாங்க. வட்டமா உக்காந்து பாட்டு, கதை, கூட்டத்தோட சாப்பிடறது, வரிசைல நின்னு கை கழுவறது, இதெல்லாம் எங்க பொண்ணு அங்க தான் கத்துகிட்டா. எல்லா மையமும் ஒரே மாதிரி இருக்காது, நீங்களே போய் கட்டடம், தண்ணி, டாய்லெட், டீச்சர் பிள்ளைங்ககிட்ட பேசற விதம் எல்லாம் பாருங்க. அடுத்த வருஷம்னு முடிவு பண்ணினா முழு வருஷத்துக்கும், இல்ல இந்த ஜூன் தான்னா அதுக்கு முன்னாடி பழக்கறதுக்காவது, காலைல ரெண்டு மணி நேரம் விட முடியுமான்னு கேட்டு பாருங்க. மே மாசம் அவங்களுக்கும் லீவு வரும், அதனால இப்பவே போங்க.

ஸ்கூல் கட்டடத்தையும் பாத்துட்டு தான் மீதி ஃபீஸ் கட்டணும். 2004ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்க தீல போனாங்க, மாடி வகுப்பு, மேல கூரை, குறுகலான படி. அன்னில இருந்து நான் எந்த ஸ்கூலுக்கு போனாலும் சின்ன பிள்ளைங்க வகுப்பு தரைத்தளத்துல இருக்கா, வெளிய வர ரெண்டு வழி இருக்கா, சமையலறை எங்க இருக்குன்னு தான் முதல்ல பாப்பேன். ஸ்மார்ட் போர்டு எல்லாம் அப்புறம்.

கிராமசெவிலி

மலர் மா, நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ். பேச்ச பத்தி நீங்க ஒரு வரி எழுதியிருக்கீங்க, எல்லாரும் அத தாண்டி போயிட்டாங்க, அதனால சொல்றேன், பயப்பட வேண்டாம். மூணு வயசு பிள்ளை பேசறதுல முக்கால்வாசியாவது வெளி ஆளுக்கு புரியணும். ர, ற, ழ சரியா வராட்டி அது ஒன்னும் இல்ல, "தண்ணி குடு", "நான் வெளிய போறேன்"னு ரெண்டு மூணு வார்த்தை சேத்து பேசறாளா, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பறாளா, மத்த பிள்ளைங்கள பாத்து பக்கத்துல போறாளா, இத கவனிங்க. இதெல்லாம் சரியா இருந்து உச்சரிப்பு மட்டும் தெளிவில்லன்னா ஒரு தடவை காது டெஸ்ட் பண்ணிடுங்க, அடிக்கடி சளி பிடிக்கற பிள்ளைங்களுக்கு காதுக்குள்ள நீர் கோத்து கேக்கறது மந்தமா இருக்கும், பிள்ளைக்கு சொல்லத் தெரியாது. சந்தேகம் இருந்தா மாவட்டத்துல இருக்கற ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு போகலாம், டிஇஐசின்னு சொல்லுவாங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரில இருக்கும், காது, பேச்சு, வளர்ச்சி எல்லாம் ஒரே இடத்துல இலவசமா பாப்பாங்க. ஸ்கூல்ல சேத்தா தானா பேசிடுவான்னு சொல்லி வருஷத்த ஓட்டறவங்கள நான் நிறைய பாத்துட்டேன், அது மட்டும் வேண்டாம் மா.

ஃபோன் விஷயத்துல உலக சுகாதார அமைப்பு 2019ல சொன்னது, மூணு நாலு வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், அதுலயும் குறைஞ்சா நல்லது. தூக்கம் 10ல இருந்து 13 மணி நேரம், பகல் தூக்கத்தையும் சேத்து. ஸ்கூல் போகணும்னா ராத்திரி எட்டரைக்கு படுத்தா தான் காலைல அழாம எழுந்திருப்பா. நீங்க ஏழு மணிக்கு தான் வீட்டுக்கு வரீங்க, பாப்பா உங்கள பாத்த சந்தோஷத்துல பத்து மணி வரைக்கும் முழிச்சிருப்பான்னு எனக்கு புரியுது. அதனால வாரத்துக்கு கால் மணி கால் மணியா முன்னாடி நகத்துங்க, திடீர்னு மாத்தாதீங்க.

தடுப்பூசி அட்டைய எடுத்து பாருங்க. ஒன்றரை வயசுல இருந்து ரெண்டு வயசுக்குள்ள போட வேண்டிய எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ரெண்டாவது டோஸும் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டரும் சில பேருக்கு விட்டு போயிருக்கும், விட்டிருந்தா இப்ப வந்து கேளுங்க. ஸ்கூல் சேந்த முதல் வருஷம் சளி காய்ச்சல் மாறி மாறி வரும், சின்ன பிள்ளைங்களுக்கு வருஷத்துக்கு ஆறு எட்டு தடவை சளி பிடிக்கறது சாதாரணம் தான், ஸ்கூல் தண்ணி சேரல, கண் பட்டுடுச்சுன்னு நிறுத்திடாதீங்க. மழைக்காலத்துல உள்ளங்கை, பாதம், வாய்க்குள்ள கொப்புளம் வந்தா அது கை கால் வாய் நோய், வைரஸ், ஒரு வாரம் பத்து நாள்ல தானா போயிடும், ஆனா அது வரைக்கும் அனுப்பாதீங்க, மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டும். சில வாரம் கழிச்சு நகம் உரிஞ்சு வரும், அத பாத்து பதறி ஓடி வருவாங்க, புது நகம் முளைச்சிடும் மா. பூச்சி மாத்திரை பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் அங்கன்வாடில, ஸ்கூல்ல குடுப்பாங்க, மறக்காம போட வைங்க.

இன்னும் ஒன்னு. குளிக்க வைக்கும்போது உடம்புல எந்த இடத்த யாரும் தொடக்கூடாது, தொட்டா "வேண்டாம்"னு சத்தமா சொல்லிட்டு அம்மாகிட்ட வந்து சொல்லணும்னு சாதாரணமா பேசி பழக்குங்க. ஸ்கூல்ல பாத்ரூம்ல யார் கழுவி விடுவாங்க, பெண் ஆயா தானா, அவங்க பேர் என்னன்னு கேட்டு பாப்பாவுக்கும் சொல்லி வைங்க. அது கேக்கறதுல கூச்சமே வேண்டாம்.

அவிநாசி_மலர்

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. மிஸ் எழுதினத அத்தைக்கு சத்தமா படிச்சு காட்டினேன், செவுத்துல ஒட்டிக்கிற பிள்ளைங்கன்னு வந்த இடத்துல அவங்க பாப்பாவ இழுத்து மடில வெச்சுகிட்டாங்க. இனிமே அப்படி சொல்ல மாட்டேன்னுட்டாங்க. பிறந்த மாசம் கேட்டேன் திருச்சி அண்ணா, எதிர்வீட்டு பையன் செப்டம்பர். காது டெஸ்டுக்கு சனிக்கிழமை போறோம். அங்கன்வாடி ரெண்டு தெரு தள்ளி இருக்கு, நாளைக்கு அத்தை போய் பேசறேன்னு சொல்லியிருக்காங்க. காது டெஸ்ட் ரிசல்ட்டும், அங்கன்வாடில எப்படி இருக்கான்னும் பாத்துட்டு தான் இந்த வருஷமா அடுத்த வருஷமான்னு முடிவு பண்றதுன்னு வீட்டுக்காரர் சொல்றார், எனக்கும் அது தான் சரின்னு படுது.

ஜூன்லயே அனுப்பற மாதிரி ஆனா ரெண்டு விஷயம் கேக்கணும். ஊட்டி விடாம இருக்க அத்தைக்கு மனசே வரல, "நான் இருக்கற வரைக்கும் ஊட்டுவேன்"ங்கறாங்க, அவங்க மனசு நோகாம எப்படி சொல்றது? அப்புறம் ஸ்கூல்ல முதல் நாளே கேட்டோட விட்டுட்டு போயிடணும்னு சொல்றாங்க, நானும் லீவு அதிகம் எடுக்க முடியாது, வேன் காலைல 8.10க்கு வரும். முதல் நாள்ல இருந்தே வேன்ல அனுப்பலாமா?

நெல்லை_ஆச்சி

மக்ளே, ஊட்டுற விஷயம் நான் சொல்லுதேன், நானும் ஆச்சிதான், பேரன் பேத்தி அஞ்சு பேர். உங்க அத்தைட்ட ஊட்டாதீங்கன்னு சொல்லாதீங்க, அது அவுகளுக்கு பொறுக்காது. மத்தியான சாப்பாடு அவுக ஊட்டட்டும். காலைல பலகாரம் மட்டும் பிள்ளை தானா சாப்பிடட்டும்னு பிரிச்சு குடுங்க, அந்த நேரம் அவுகளும் பக்கத்துல தட்டு வெச்சு கூடவே உக்காந்து சாப்பிடட்டும். பிள்ளை தனியா உக்காந்து சாப்பிடாது, பெரியவுக சாப்பிடுறத பாத்து தான் சாப்பிடும், ஸ்கூல்லயும் பத்து பிள்ளை கூட உக்காந்து தானே சாப்பிட போறா. தயிர்சோறு கொஞ்சம் கெட்டியா பிசைஞ்சு சின்ன சின்ன உருண்டையா உருட்டி தட்டுல வரிசையா வெச்சுட்டா உங்க அத்தைக்கும் ஊட்டுன திருப்தி, பிள்ளையும் தானா எடுத்து வாய்ல போட்டுக்கிடும். நான் என் பேத்திக்கு அப்படித்தான் மாத்துனேன். முதல்ல கடைசி உருண்டை மட்டும் அவ, அப்புறம் பாதி அவ, அப்புறம் எல்லாமே அவ.

ஸ்கூல் கதையையும் அத்தைட்டயே குடுங்க. பயங்காட்டுனது அவுக வாய்தான்னா, ஆசைகாட்டுறதும் அவுக வாயா தான் இருக்கணும், வேற யார் சொன்னாலும் பிள்ளை நம்பாது. சாயங்காலம் நடந்து அந்த ஸ்கூல் வாசல் வரைக்கும் கூட்டிட்டு போய் "இங்க ஊஞ்சல் இருக்கு பாரு, அந்த மிஸ் பாட்டு சொல்லி தருவாவ"ன்னு அவுகளே சொல்லட்டும். பொய்யா ஒன்னும் சொல்ல வேண்டாம், மிட்டாய் குடுப்பாவ, பொம்மை குடுப்பாவன்னு சொல்லி அனுப்பிட்டு அங்க இல்லன்னா அதுவும் ஏமாத்தினதா போகும்.

விஜயதசமிக்கு அரிசில எழுத வைக்கிற வழக்கம் உங்க வீட்ல இருந்தா அத அப்படியே அக்டோபர்ல கோவில்ல வெச்சு செய்யுங்க. அதுக்கு முன்னாடி சிலேட்டு பிடிக்கலன்னு யாரும் பிள்ளைய வையாதீங்க.

மதுரை_எல்கேஜிமிஸ்

ஆச்சி சொன்ன உருண்டை யோசனை நல்லாருக்கு, நான் எங்க பேரண்ட்ஸ்கிட்டயும் சொல்லப் போறேன். செல்வி, உங்க பையனுக்கு நடந்தது மனசுக்கு கஷ்டமா இருக்கு. அப்படி பிரிச்சு உக்கார வெச்சா அது அந்த ஸ்கூலோட தப்பு, பிள்ளையோட தப்பு இல்ல, அதுக்காக மூணு வயசு விரல்ல பென்சில திணிக்க கூடாது. மலர், உங்க ஸ்கூல்ல எழுத்து எப்ப ஆரம்பிக்கிறாங்கன்னு நேரா கேட்டுருங்க. ஜூன்லயே நோட்டுன்னா உங்க வீட்டுக்காரர் சொல்ற மாதிரி ஒரு வருஷம் அங்கன்வாடில விடுறது நல்ல முடிவு தான், கட்டின பணத்துக்காக மட்டும் அனுப்ப வேண்டாம்.

அனுப்புறதுன்னா, வேன் முதல் நாள்ல இருந்து வேண்டாம். முதல் ரெண்டு வாரமாவது வீட்டு ஆள் யாராவது கொண்டு வந்து விடணும், அதுவும் தினமும் ஒரே ஆளா இருந்தா நல்லது, உங்க வீட்டுக்காரர் வண்டில கொண்டு வந்து விட முடியுமான்னு பாருங்க. பல வீட்ல அம்மா விட்டா அழுற பிள்ளை அப்பா விட்டா கம்மியா அழும். முதல் வாரம் அரை நாள்ல கூட்டிட்டு போறேன்னு பிரின்சிபால்கிட்ட கேளுங்க, பாதி பேர் ஒத்துக்குவாங்க.

கேட்ல நிக்கிற நேரம் தான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். அழுறான்னு கண்ண மறைச்சு ஓடி போயிராதீங்க, திரும்பி பாத்தா அம்மா இல்லன்னா அடுத்த நாள் கைய விடவே விடாது. அதே நேரம் அரை மணி நேரம் கட்டி பிடிச்சுகிட்டும் நிக்காதீங்க. குனிஞ்சு கண்ண பாத்து "அம்மா வேலைக்கு போறேன், நீ ஸ்நாக்ஸ் சாப்பிட்டு பாட்டு பாடி முடிச்சதும் அப்பத்தா இதே கேட்ல நிப்பாங்க"ன்னு சொல்லி ஒரு முத்தம் குடுத்து மிஸ் கைல குடுத்துட்டு நடந்துருங்க. மணி கணக்கு பிள்ளைக்கு புரியாது, எதுக்கு அப்புறம் வருவாங்கன்னு சொன்னா புரியும். சொன்ன நேரத்துக்கு அப்பத்தா கண்டிப்பா நிக்கணும், அஞ்சு நிமிஷம் முன்னாடியே நிக்கட்டும், மத்த பிள்ளைக எல்லாம் போயி கடைசியா நிக்கிற பிள்ளைக்கு மறுநாள் வர பயமா இருக்கும். நீங்க போனதும் பெரும்பாலும் பத்து பதினஞ்சு நிமிஷத்துல அழுகை நின்னுரும். நிக்காம வாரக்கணக்கா போயி, சாப்பாடு தூக்கம் எல்லாம் கெட்டா மட்டும் மிஸ் கூட உக்காந்து பேசணும்.

வேன்ல விட ஆரம்பிக்கும்போது உதவியாளர் இருக்காங்களான்னு பாருங்க. 2012ல தாம்பரம் பக்கத்துல ஸ்கூல் பஸ்ல இருந்த ஓட்டைல விழுந்து ஒரு பிள்ளை இறந்ததுக்கு அப்புறம் தான் தமிழ்நாட்டுல ஸ்கூல் வண்டிக்குன்னே தனி விதி வந்துச்சு, பிள்ளைகள ஏத்தி இறக்க ஆள் இருக்கணும்னு அதுல இருக்கு. டிரைவர் தனியா வர்ற வண்டில மூணு வயசு பிள்ளைய ஏத்தாதீங்க. பாப்பா இறங்கி, வண்டி கிளம்பி போற வரைக்கும் அத்தை கைய விடாம பிடிச்சுகிட்டே நிக்கட்டும், வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஓடுற பிள்ளை டிரைவர் கண்ணுக்கு தெரியாது.

வெள்ளிக்கிழமை நல்லா சிரிச்சுட்டு வந்த பிள்ளை திங்கக்கிழமை மறுபடி அழும், காய்ச்சல் லீவு, தீபாவளி லீவு முடிஞ்சு வரும்போதும் அழும், டாய்லெட் பழக்கம் கூட கொஞ்ச நாள் பின்னாடி போகும். அப்ப மறுபடி அதே மாதிரி விட்டுட்டு போங்க. ஒரு மாத்து ஜட்டியும் ஒரு செட் துணியும் கவர்ல போட்டு பேர் எழுதி வகுப்புலயே குடுத்து வைங்க தங்கச்சி, பைல இருந்தா வேன்ல மாறி போயிரும்.